அகன்ற அலைவரிசை, அறுந்த கம்பி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரருக்கு இணையம் உரிமை. 2017 மார்ச் 3 அன்று கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பட்ஜெட் உரையில் அப்படித்தான் அறிவித்தார். 18 மாதத்தில், 1,000 கோடி ரூபாயில், மின்கம்பங்கள் வழியாகக் கே-ஃபோன் என்ற கண்ணாடி இழை வலை வரும் என்றார். 18 மாதம் என்றால் 2018 செப்டம்பர். திறப்பு விழா நடந்ததோ 2023 ஜூன் 5. நடுவில் இரண்டு வெள்ளம், ஒரு கொள்ளைநோய், ஒரு சட்டமன்றத் தேர்தல் வந்து போயின. உரிமைக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. பேப்பரில் இருப்பதை வெள்ளம் கொண்டுபோகாது.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் சேர்ந்துகொண்டது. விடுதியில் செல்போனுக்குக் கட்டுப்பாடு போட்ட கல்லூரியை எதிர்த்து ஒரு மாணவி போட்ட வழக்கு அது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆக, சட்டமன்றம் கொடுத்துவிட்டது. நீதிமன்றம் கொடுத்துவிட்டது. பாக்கி ஒரே ஓர் ஆள்தான். போஸ்டில் ஏணியைச் சாய்த்து, அறுந்து தொங்கும் இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கிவிட வேண்டிய லைன்மேன். அவர் வரவில்லை. வரவும் மாட்டார். அவரை வீட்டுக்கு அனுப்பிய கணக்கைப் பின்னால் பார்ப்போம்.

இஞ்சிவிளை, செங்கல், உதியன்குளங்கரை போன்ற பக்கத்து ஊர்களில், ஃபோன் கம்பியில் இணையம் தரும் டிஎஸ்எல் மோடம் ஒன்றைப் பொருத்திப் பார்த்தவருக்கு இந்த நாட்டின் தொலைத்தொடர்புக் கொள்கையைத் தனியாக யாரும் விளக்க வேண்டாம். கையேட்டைப் படித்தால் எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. சுவரில் இருக்கும் ஃபோன் பாயிண்டில் ஸ்ப்ளிட்டரைச் சொருக வேண்டும். ஒரு வாய் ஃபோனுக்கு, இன்னொன்று மோடத்துக்கு. பிரவுசரில் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். பெயர் அட்மின். பாஸ்வேர்டும் அட்மின். விபிஐ 0, விசிஐ 35. அதற்குக் கீழே பிபிபிஓஇ. கம்பெனி கொடுத்த யூசர் பெயரைப் போட்டு சேவ் செய்து ரீபூட். பத்தாம் கிளாஸ் பையன் செய்துவிடுவான். நாடு முழுவதும் செய்தது அந்தப் பையன்கள்தான். தெருவுக்கு ஒருவன் இருந்தான். சம்பளம் கிடையாது. போகிற வீட்டில் ஒரு கட்டன்சாயாதான் கூலி. நாட்டில் பிராட்பேண்ட் பரவியது என்று பேட்டி கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

மோடம் உயிர் பெற்றதும் விளக்குகளைப் பார்க்க வேண்டும். பவர் எரியும், கரண்ட் இருந்தால். அடுத்தது டிஎஸ்எல். அது மினுக்கினால் எக்ஸ்சேஞ்சைத் தேடுகிறது என்று அர்த்தம். நிலையாக எரிந்தால் கிடைத்துவிட்டது. அதற்கடுத்தது இன்டர்நெட் விளக்கு. அதைக் கையேட்டில் இருக்கும் படத்தில் பச்சையாகப் பார்த்திருக்கிறோம்.

செம்புக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீட்டில் ஏடிஎஸ்எல் 24 மெகாபிட் வரை ஓடும். தூரம் கூடினால் தேயும். ஐந்து கிலோமீட்டர் ஆனால் மூச்சு நிற்கும். இது இயற்பியல். இதற்காக எந்த அமைச்சரையும் திட்ட முடியாது. திட்ட வேண்டியது வேறு. வெள்ளறடையின் ரப்பர் மேடும் பொழியூரின் கடற்கரையும் எக்ஸ்சேஞ்சின் வாசலில் இல்லை என்பது 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோதே தெரியும். கருவியை ஊருக்குள் கொண்டுபோய் வைத்தால் தூரம் குறையும் என்பதும் தெரியும். தெரிந்தும் பேச்சுக்காகப் போட்ட பழைய கம்பியிலேயே புது வித்தையை ஓட்டினார்கள். ஜாயிண்டுக்கு மேல் ஜாயிண்ட். இடவப்பாதி மழையில் ஜாயிண்டுக்குள் தண்ணீர். ஐப்பசி பிறந்தால் துலாவர்ஷத்து இடி. மதியம் மூன்று மணிக்கு வானம் இருண்டதும் எல்லைக் கிராமத்து வீடுகளில் ஓர் ஓட்டம் நடக்கும். துணி எடுக்க ஒருவர், மோடத்தின் ஒயரைப் பிடுங்க ஒருவர். பிடுங்காவிட்டால் மோடம் கருகும். நாட்டின் முதல் டிஜிட்டல் மாநிலம் என்று 2016 பிப்ரவரி 27 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அறிவித்தது இந்த மாநிலத்தைத்தான். இடி இடித்தால் மாநிலம் விடுமுறை.

அந்த அட்மின், அட்மின் சமாச்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வாடிக்கையாளரிடம் யாரும் மெனக்கெடவில்லை. 2017 ஜூலையில் ஒரு தீநிரல் கிளம்பியது. இந்தியாவில் மட்டும் 60,000-க்கு மேற்பட்ட மோடம்கள் முடங்கியதாகச் செய்தி வந்தது. பூட்டே போடாத கதவு. உள்ளே வந்தவனுக்குச் சிரமமே இல்லை. அதற்குப் பிறகு பிஎஸ்என்எல் ஓர் அறிவுரை வெளியிட்டது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று. செத்த மோடத்தில்.

இனி கொள்கைக்கு வருவோம். கோபம் வருகிற இடம் இது.

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டது. 256 கிலோபிட் வந்தால் அது பிராட்பேண்ட் என்றது. உலகம் ஓட ஆரம்பித்திருந்த நேரத்தில் நம் அரசு தவழ்வதை ஓட்டம் என்று கெஜட்டில் போட்டது. அந்த 256-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 32 கிலோபைட். 700 மெகாபைட் சினிமா ஒன்றை இறக்க 6 மணி 13 நிமிஷம் ஆகும். அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த ஒரு திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கட்டணம் இல்லை. 6 மணி நேரம். அரசு வகுத்த வேகமும் திட்டம் தந்த நேரமும் எவ்வளவு கச்சிதம்! படம் இலவசம். கிளைமாக்ஸ் மட்டும் காசுக்கு. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. இப்போது அவர்களுக்கு நாற்பது வயது. இன்னும் சரியாகத் தூங்குவதில்லை.

அந்தக் கொள்கையின் இலக்கு, 2010-க்குள் 2 கோடி இணைப்புகள். 2010 முடிந்தபோது இருந்தவை ஏறத்தாழ 1.1 கோடி. கம்பி வழி இணைப்புகள் மட்டும் 2 கோடியை எட்டுவதற்கு ஏறத்தாழ 2020 ஆயிற்று. பத்து வருஷத் தாமதம். பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிஷம் தாமதமாகக் கொடுத்தால் முட்டி போட வைக்கிறோம். இங்கே யாரும் முட்டி போடவில்லை. 2012-இல் புதுக் கொள்கை வந்தது. 2 கோடியை எட்டாதவர்கள் 2017-க்குள் 17.5 கோடி என்றார்கள், 2020-க்குள் 60 கோடி என்றார்கள். செல்போன் என்று ஒன்று வந்து மானத்தைக் காப்பாற்றியது. தனியார் டவர் போட்டான், ஜனம் காசு கொடுத்து ரீசார்ஜ் செய்தது, அரசு மேடையேறி இலக்கை எட்டியது.

2018-இல் மறுபடியும் புதுக் கொள்கை. 2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 மெகாபிட். பஞ்சாயத்துகளுக்கு 10 ஜிகாபிட். எழுதியவர்களுக்குப் பேனா பஞ்சமில்லை. அப்படி எழுதியபோது சட்டப்படி பிராட்பேண்ட் என்றால் என்ன தெரியுமா? 512 கிலோபிட். 2013-இல் உயர்த்தியது. 2022 டிசம்பர் 31 வந்தது. 50 மெகாபிட் வரவில்லை. 2023 ஜனவரியில், கெடு முடிந்த அடுத்த மாதமே, அரசு அறிவிக்கை வந்தது. இனிமேல் 2 மெகாபிட் இருந்தால்தான் பிராட்பேண்ட். ஐம்பது வாங்கித் தருவதாகச் சொன்னவர் கடைசி நாளில் இரண்டைக் கொடுத்து, இதுவே முன்னேற்றம் என்று கையெழுத்துப் போட்டார். யாராவது சட்டையைப் பிடித்தார்களா? பிடிக்கவில்லை. நமக்கு அவர்கள் மேல் இருந்த எதிர்பார்ப்பு 256 கிலோபிட்தான்.

கிராமத்துக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் கதை இதைவிடக் கொழுப்பு. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகள், 20,000 கோடி ரூபாய், இரண்டு வருஷம். இரண்டு வருஷமும் போயிற்று, அந்த ஆட்சியும் போயிற்று. அடுத்து வந்தவர்கள் பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் சொன்னார்: ஆயிரம் நாளில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களுக்கும் இழை போகும். ஆயிரம் நாளை விரல்விட்டு எண்ணினால் 2023 மே 12. அந்த நாள் சத்தமில்லாமல் போனது. ஆகஸ்டில் அமைச்சரவை கூடி அதே வேலைக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியது. திட்டம் தோற்கும்போதெல்லாம் தொகையைப் பெருக்குகிறார்கள். ஒரு கொத்தனார் இப்படிச் செய்தால் ஊர் கூடி அடிக்கும்.

காசு யாருடையது? கிராமத்துக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோவதற்கென்றே 2002 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம் எடுத்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். நிறுவனங்கள் அதை வானத்திலிருந்து கொண்டுவருவதில்லை. பாறசாலைச் சந்தையில் மரச்சீனி விற்றவர் கட்டிய பில்லிலிருந்து வருகிறது. அந்த நிதிக்கும் 2023 சட்டத்தில் பெயர் மாற்றியாயிற்று. இப்போது டிஜிட்டல் பாரத் நிதி. பெயர் மாற்றுவதில் மட்டும் நம் வேகம் ஜிகாபிட்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த இழை விஷயத்தில் கேரளம் முந்தியது. 2015 ஜனவரியில் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் இணைப்பு போன முதல் மாவட்டம் என்று இடுக்கி பெயர் வாங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 12,525 பஞ்சாயத்துகளுக்கான டெண்டரிலேயே சறுக்கியது. ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் டெண்டரை ரத்து செய்யச் சொல்லி 2020 ஜூனில் மத்திய அரசு உத்தரவிட்டது. நிபந்தனைகள் சிலருக்கென்றே தைத்த சட்டைபோல் இருக்கின்றன என்பது புகார். ஆகவே களியக்காவிளையைப் பார்த்துப் பாறசாலை ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்த இழை அங்கேயே நின்றுவிட்டது. பஞ்சாயத்து ஆபீசில் யாரும் குடியிருப்பதில்லை. பிள்ளைகள் படிப்பது வீட்டில்.

வீட்டுக்குக் கொண்டுபோகத்தானே கே-ஃபோன்? 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றார்கள். 2023 ஜூன் 5 திறப்பு விழாவில் முதல் கட்டமாக 14,000 குடும்பங்கள் என்றார்கள். 140 தொகுதி, தொகுதிக்கு 100. பாறசாலைக்கு 100. நெய்யாற்றின்கரைக்கு 100. சொன்ன 20 லட்சத்தைப் பிரித்தால் தொகுதிக்கு 14,285 வர வேண்டும். வந்தது 100. மீதி 14,185 குடும்பங்களுக்கு உரிமை இருக்கிறது, கவலை வேண்டாம். எதிர்க்கட்சி ஊழல் என்று சொல்லி விழாவைப் புறக்கணித்தது. அவர்கள் ஆட்சியில் கம்பி ஒழுங்காக இருந்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

2025 ஆகஸ்ட் 21 அன்று இன்னொரு விழா. கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம். இதை நான் கிண்டல் செய்யமாட்டேன். புல்லம்பாறைப் பஞ்சாயத்தில் தொடங்கிய வேலை. தொண்டர்கள் வீடு வீடாகப் போய் தொண்ணூறு வயது அம்மச்சிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். உழைத்த வேலை. இப்போது அம்மச்சிக்கு வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போடத் தெரியும். போட்டால் மகன் முகம் பாதி வந்து உறையும். எழுத்தறிவு அம்மச்சிக்கு வந்துவிட்டது. வெட்கம் யாருக்கும் வரவில்லை.

அந்த லைன்மேனுக்கு வருவோம். 2019 அக்டோபரில் பிஎஸ்என்எல்லையும் எம்டிஎன்எல்லையும் பிழைக்க வைக்க ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அதன் முதல் மருந்து, ஆட்களைக் குறைப்பது. விருப்ப ஓய்வு என்று பெயர். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பிஎஸ்என்எல்லிலிருந்து 78,569 பேர் வெளியே போனார்கள். மொத்த ஊழியரில் பாதி. எந்தப் போஸ்டில் எந்தக் கம்பி, எந்த ஜாயிண்ட் எந்தப் பலாமரத்தடியில் என்று வரைபடம் இல்லாமலே தெரிந்தவர்கள். அந்த வரைபடம் அவர்கள் தலையில்தான் இருந்தது. தலையோடு போய்விட்டது. அன்றிலிருந்து 54-ஆம் நாள், மார்ச் 25, நாடு முழுவதும் ஊரடங்கு. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள், இணையத்தில் படியுங்கள், இணையத்தில் மருத்துவரைப் பாருங்கள். லைன்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் இருப்பவனை லைனில் வரச் சொன்ன அரசு உலகத்தில் வேறு எங்கேயும் உண்டா?

2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் அரசின் கல்விச் சானலான விக்டர்ஸ் வழியாகவும் இணையம் வழியாகவும் வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புறம் மாவட்டத்தில் ஒரு பள்ளி மாணவி உயிரை விட்டாள். தினக்கூலித் தொழிலாளியின் மகள். வீட்டில் டிவி ரிப்பேர். ஸ்மார்ட்போன் வாங்க வழியில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவள் செத்த பிறகு டிவிகள் வந்தன, டேப்லெட் வசூல் நடந்தது, போட்டோக்கள் எடுக்கப்பட்டன. உரிமை அறிவித்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பிழைக்க வைக்கும் திட்டங்கள் அதோடு நிற்கவில்லை. 2022 ஜூலையில் 1.64 லட்சம் கோடி. 2023 ஜூனில் 89,047 கோடி. மூன்றையும் கூட்டினால் மூன்று லட்சம் கோடியைத் தாண்டுகிறது. பிஎஸ்என்எல்லின் 4ஜியைப் பிரதமர் நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27. தனியார் 5ஜி வந்து மூன்று வருஷம் கழித்து. பொதுத்துறை நிறுவனம் தானாக நோய்வாய்ப்பட்டுக் கிடக்கவில்லை. அலைக்கற்றையைக் கொடுக்காமல் வருஷக்கணக்கில் உட்கார வைத்துவிட்டு, பார்த்தாயா ஓட மாட்டேன் என்கிறது என்றார்கள். இதில் எந்தக் கட்சி ஆட்சி என்று பிரித்துப் பேசுகிறவர் ஏதாவது ஒரு கட்சியில் இருப்பார்.

எல்லைக் கிராமத்துக்காரருக்கு இதற்கு மேல் தனிச் சலுகை ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. துப்பாக்கிச் சூடு வரை போய் முடிந்த விவகாரம் அது. வரைபடத்தில் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசும் வீடு, அந்தப் பக்கம் மலையாளம் பேசும் வீடு. கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி, கோயில் கொடை, சர்ச் பெருநாள் எல்லாம் ரெண்டு பக்கமும்தான். கோட்டை மதித்தது தொலைபேசித் துறை மட்டும். இந்தப் பக்கம் 0471. அந்தப் பக்கம் 04651. பனச்சமூட்டுச் சந்தையில் எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டால் அது வேறு மாநிலத்து அழைப்பு. கை தட்டிக் கூப்பிட்டால் இலவசம்.

செல்போன் வந்ததும் கூத்து முற்றியது. முன்கூடத்தில் கேரள வட்டம். கிணற்றடியில் தமிழ்நாடு வட்டம். பல் தேய்க்கப் போனால் ரோமிங். "தமிழ்நாட்டுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று எஸ்எம்எஸ் வரும், கையில் பிரஷோடு நிற்பவருக்கு. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. சொந்த வீட்டில் வெளிமாநிலத்தவராக இருந்ததற்கு அபராதம். 2015 ஜூன் 15 அன்று பிஎஸ்என்எல் நாடு முழுவதும் ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. டெல்லியிலிருந்து மும்பை போகும் வியாபாரிகளுக்கு வசதி என்று பத்திரிகைகள் எழுதின. கிணற்றடிக்காரர் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

டவரை விட்டுக் கம்பிக்கு வந்தால், அங்கே எல்லை இன்னும் சின்னதாகிவிடும். இந்தப் பக்கம் எந்தக் கம்பெனி லைன் வைத்திருந்தாலும் பேச்சு ஒரே மாதிரித்தான்.

"அண்ணே, லைன் செத்து ஒரு வாரமாச்சு. வந்து பாக்கியளா?"

"எந்தப் போஸ்டு?"

"குருசடிக்குப் பக்கத்துல உள்ளது."

"அது நம்ம செக்‌ஷன் இல்லியே. ரோட்டுக்கு அந்தப் பக்கமாக்கும்."

"போஸ்டு இப்பம் எந்தப் பக்கமும் இல்ல அண்ணே. பைப்பு தோண்டினப்பம் சாஞ்சு ஓடையில கெடக்கு."

"அப்பம் பைப்புக்காரனைக் கேளுங்க. நமக்கு கேபிள் வரணும் கேட்டியளா. எழுதிக் குடுத்திருக்கு."

எழுதிக் கொடுத்திருப்பது உண்மைதான். அவரும் கான்ட்ராக்ட் ஆள். சம்பளம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. கோபத்தை அவர் மேல் காட்டினால் நமக்குத்தான் பாவம். ரோடு போட ஒரு துறை, ரோட்டைத் தோண்ட ஒரு துறை, தோண்டிய குழியில் போகும் கேபிளுக்கு ஒரு துறை. மூன்றும் ஒரே ஊரில் ஆபீஸ் வைத்திருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி ஜீப். ஒருவர் இன்னொருவருக்கு முன்கூட்டியே ஃபோன் செய்து சொல்லலாமே என்பீர்கள். லைன் இல்லை.

செம்பின் காலம் முடிந்துவிட்டது, இழைக்கு மாறுங்கள் என்கிறார்கள். மாறியவர்களும் உண்டு. கேபிள் டிவி போடும் தம்பி வந்து ரப்பர் மரத்துக்கு ரப்பர் மரம் இழையைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது, அணில் கடிக்கும் வரை. இருபது வருஷமாக இத்தனை கொள்கைகள் செய்யாததை ஒரு ஏணியும் ஒரு பைக்கும் வைத்து அவர் செய்கிறார். அவருக்கு எந்த மேடையிலும் பொன்னாடை கிடையாது. அவர் எட்டாத மேட்டில் இருக்கும் வீட்டில் இன்னும் டிஎஸ்எல் மினுக்குகிறது.

இணையம் இல்லாமல் இருந்துவிடலாம் என்றால் அதற்கும் அனுமதி இல்லை. அரிசி வாங்க விரல் ரேகை வேண்டும். ரேகைக்கு மெஷின். மெஷினுக்கு சர்வர். 2024 மார்ச்சில் மஞ்சள், பிங்க் ரேஷன் அட்டைக்காரர்களெல்லாம் விரல் வைத்துத் தங்களைச் சரிபார்க்கும் மஸ்டரிங் செய்ய வேண்டும் என்று கேரளம் முழுக்க வரிசையில் நிறுத்தினார்கள். வேலைக்குப் போகாமல் வந்தார்கள். கூலி போயிற்று. முதியவர்களை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். சர்வர் படுத்தது. மஸ்டரிங் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு வரச் சொன்னார்கள். நீ நீதான் என்று நிரூபிக்க உன்னை வரச் சொல்கிற அரசு, தான் இருப்பதை நிரூபிக்க வராது. இந்தப் பக்கம் அக்ஷயா மையம், அந்தப் பக்கம் இ-சேவை மையம். ரெண்டு பக்கமும் சொல்கிற பதில் ஒன்று: சர்வர் டவுன். மொழிவாரியாகப் பிரித்த மாநிலங்களுக்குக் கடைசியில் ஒரு பொதுமொழி கிடைத்துவிட்டது.

சட்டம் நம்மைக் கைவிடவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-இலேயே விதி போட்டது. 2024 வரை அது இருந்தது. பழுதுகளில் 90 சதவீதத்தை அடுத்த வேலை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்றது. 3 வேலை நாள் தாண்டினால் 7 நாள் வாடகை தள்ளுபடி. 7 தாண்டினால் 15 நாள். 15-உம் தாண்டினால் ஒரு மாதம். மாதம் 250 ரூபாய் திட்டத்துக்கு 7 நாள் வாடகை 58 ரூபாய் சில்லறை. அதைக் கேட்டு வாங்க நெய்யாற்றின்கரைக்கு ஆட்டோவில் போய் வந்தால் கைநட்டம். சரி, கொள்கைக்காகப் போவோம் என்று யாராவது கிளம்பினாலும் விதியைப் படித்தவர்கள் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். மூன்றாவது நாள் முடிவதற்குள் எஸ்எம்எஸ் வந்துவிடும். தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. போஸ்ட் ஓடையில் கிடக்கும். புகார் தீர்ந்திருக்கும். மறுபடி புகார் கொடுத்தால் புது எண், நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். அதோடு அடுத்த எஸ்எம்எஸ்: எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மதிப்பிட இந்த லிங்க்கைத் திறக்கவும்.